பெயர் தெரியாத எட்டுக் கிலோ கல்

சௌகார்பேட்டையில் கடையைக் காலி செய்துகொண்டிருந்த ஒரு கல் வியாபாரியிடம், கோணிப்பையில் மிஞ்சிக் கிடந்த பட்டை தீட்டாத கற்களை எடைக்கு வாங்கினேன். எட்டுக் கிலோ, 1,600 ரூபாய். "எல்லாம் ஹகீக்தான் சார், ஒண்ணு ரெண்டு வேற கல்லு கலந்திருக்கும்" என்றார். அந்தத் தெருவில் ஹகீக் என்றால் அகேட், வரி வரியாக நிறம் ஓடும் குவார்ட்ஸ் வகைக் கல். பிரித்து முடித்தபோது அகேட் என்று துணிந்து சொல்லக்கூடியது மூன்று கிலோவைக்கூடத் தொடவில்லை. மீதியில் வரி வரியான கால்சைட், ஃபுளோரைட், மூன்ஸ்டோன், கல்மரம், கார்னெட், ஜாஸ்பர், உருக்கிய கண்ணாடி எல்லாம் கிடந்தன. அந்த விலைக்கு அதுவே லாபம்தான். எது என்ன கல் என்று பிரித்தெடுத்த வழியையும், எந்தச் சோதனை உதவியது, எது நேரத்தைத் தின்றது என்பதையும் எழுதி வைக்கிறேன்.

கல்லை அறுத்து, மேல்பக்கம் குமிழாகத் தீட்டி, பதக்கத்திலோ மோதிரத்திலோ பதிக்கிற கேபோஷான் வேலைக்குப் புவியியல் பாடம் முழுக்கத் தேவைப்படாது. கல் எவ்வளவு கடினம், முழுக்க ஒரே கடினமா, தண்ணீர் குடிக்குமா, நிறம் உள்ளே வரைக்கும் ஓடுகிறதா என்று தெரிந்தால் போதும். எந்தத் தேய்க்கும் பேடில் தொடங்கி எந்தப் பாலிஷ் பவுடரில் முடிப்பது என்பது அதிலேயே முடிவாகிவிடும். பெயர் பெரும்பாலும் தானாகவே பின்னால் வந்து சேர்கிறது.

முதலில் கழுவல். பாத்திரம் தேய்க்கும் சோப்பு, பழைய பல் துலக்கும் பிரஷ், இரண்டு பக்கெட். துருக்கறை போக ஆக்சாலிக் ஆசிட்டில் ஊறப் போடச் சொல்வார்கள். அகேட்டுக்கு அது சரி. எது அகேட் என்றே தெரியாதபோது மொத்தப் பையையும் அதில் முக்கினால் கால்சைட் கற்கள் அரித்துப்போகும். அந்த ஆசிட் விஷமும்கூட. அதனால் தொடவில்லை. எங்கள் குரோம்பேட்டை போர் தண்ணீரில் கழுவிக் காயவைத்தால் கல் மேல் வெள்ளையாக உப்புப் படலம் நிற்கும். அதைக் கல்லின் விரிசல் என்று நினைத்து இரண்டு நல்ல துண்டுகளை ஒதுக்கியிருந்தேன். வினிகர் தோய்த்த துணியால் துடைத்ததும் போய்விட்டது. கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் என்று அப்புறம் மாற்றிக்கொண்டேன்.

நிறத்தை வைத்துக் குவியல் குவியலாகப் பிரித்ததும், மொபைல் செயலியில் படம் எடுத்துப் பார்த்ததும் வீண். டியூப் லைட்டில் எடுத்தால் ஒரு பெயர், பால்கனி வெயிலில் எடுத்தால் அதே கல்லுக்கு இன்னொரு பெயர். சிவப்பாக இருந்த எல்லாமே ஜாஸ்பர், வரி இருந்த எல்லாமே அகேட். எல்இடி டார்ச் பரவாயில்லை. கல்லின் மெல்லிய ஓரத்துக்குப் பின்னால் டார்ச்சை அழுத்திப் பிடித்தால் அகேட்டும் அதன் செம்மஞ்சள் உறவான சூதுபவளமும் (கார்னீலியன்) ஒளியை விடும், ஜாஸ்பர் இருட்டாகவே இருக்கும். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லூப் என்ற சிறு உருப்பெருக்கி ஒன்று 250 ரூபாய். உடைந்த முகத்தை அதில் பார்ப்பது இன்னும் நல்லது. அகேட் உடைந்தால் வளைந்த சிப்பி வடிவில், மெழுகு பூசிய பளபளப்போடு இருக்கும். கால்சைட் உடைந்தால் தட்டையான சிறு முகங்கள் மினுக்கும். மூன்ஸ்டோனும் அப்படித்தான், தட்டையாகப் பிளக்கும். கண்ணாடி உடைப்பும் சிப்பி வடிவம்தான், ஆனால் பளபளப்பு கூர்மையாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் உருண்டைக் குமிழிகள் தெரியும்.

கீறிப் பார்ப்பதுதான் எல்லோரும் முதலில் சொல்கிற சோதனை. கடினத்தை ஒன்று முதல் பத்து வரை சொல்லும் மோ அளவுகோலில் அகேட் ஏழுக்குச் சற்று முன்னே பின்னே, ஃபெல்ட்ஸ்பார் (மூன்ஸ்டோன் இந்த வகை) ஆறு, சன்னல் கண்ணாடியும் கத்தியும் ஐந்தரை வாக்கில், ஃபுளோரைட் நான்கு, கால்சைட் மூன்று. என்னிடம் இருந்தவை பழைய கத்தி, அரம் ஒன்று, ஒரு துண்டுக் கண்ணாடி, உடைந்த வெங்கச்சங்கல் நுனி. வெங்கச்சங்கல் குவார்ட்ஸ்தான், சரியாக ஏழு. இதில் இரண்டு இடங்களில் வழுக்கும். ஒன்று, கடினமான கல்லில் கத்தியை இழுத்தால் கத்திதான் தேய்ந்து சாம்பல் நிறக் கோடு விழும். அது கீறல் போலவே தெரியும். ஈர விரலால் தேய்த்து, நகத்தால் தடவிப் பார்த்தால்தான் பள்ளம் இருக்கிறதா என்று தெரியும். இரண்டு, மழையிலும் வெயிலிலும் கிடந்த கல்லின் மேல்தோல் உள்ளிருப்பதைவிட மெத்தென்று இருக்கும். ஒரு மூன்ஸ்டோன் துண்டைத் தோலில் கீறி, கத்தி இறங்குகிறதே என்று மென்கல் குவியலில் போட்டேன். அது அறுத்த பிறகுதான் வெளியே வந்தது. கீறினால் புதிதாக உடைந்த முகத்தில் கீற வேண்டும். அப்படி ஒரு முகம் இல்லாவிட்டால் ஓரத்தைச் சுத்தியால் தட்டி உண்டாக்கிக்கொள்ளலாம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கல்லைத் துணியில் சுற்றி.

கால்சைட்டைப் பிடிக்க எலுமிச்சம்பழமே போதும். கத்தியால் சுரண்டி விழுந்த பொடி மேல் ஒரு சொட்டு விட்டால் நுண்ணிய நுரை கிளம்பும். கழிவறை ஆசிட்டில் இன்னும் வேகமாகப் பொங்கும், ஆனால் வீட்டுக்குள் அந்தப் புகை வேண்டாம். தேன் நிறத்தில் வெள்ளை வரியோடு இருந்த, பையிலேயே அழகான கல் இதில் நுரைத்தது. கடைகளில் ஓனிக்ஸ் மார்பிள் என்று குத்துவிளக்குத் தட்டும் பூச்சாடியும் செய்வார்களே, அதே வகை. பெயரில் ஓனிக்ஸ் இருந்தாலும் அது வரியோடிய கால்சைட்.

இனி எடை. இந்த மொத்த வேலையிலும் எனக்கு அதிகம் பயன்பட்டது நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் சிறு டிஜிட்டல் தராசு. 500 கிராம் வரை, 0.01 கிராம் துல்லியம், 550 ரூபாய். முதலில் கல்லைக் காய்ந்த நிலையில் எடை போட வேண்டும். பிறகு தண்ணீர் நிரம்பிய பிளாஸ்டிக் டம்ளரைத் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்கி, கல்லைத் தூண்டில் நரம்பில் கட்டி, அடியிலோ பக்கத்திலோ இடிக்காமல் தண்ணீருக்குள் முழுதாகத் தொங்கவிட வேண்டும். அப்போது தராசு காட்டும் எண்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். காய்ந்த எடையை அந்த எண்ணால் வகுத்தால் ஒப்படர்த்தி, அதாவது கல் தண்ணீரைப் போல எத்தனை மடங்கு கனம் என்பது, கிடைக்கும். அவ்வளவுதான். கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றால் எண் ஆடும். தராசுக்கு இரு பக்கமும் புத்தகம் அடுக்கி, குறுக்கே ஒரு மரக்குச்சி வைத்து அதில் கட்டித் தொங்கவிட்டேன்.

முதல் நாள் கணக்குகள் எல்லாம் கன்னாபின்னாவென்று வந்தன. காரணம் மின்விசிறி. 0.01 கிராம் தராசுக்கு மேலே ஃபேன் சுற்றினால் கடைசி இரண்டு இலக்கமும் நிற்கவே நிற்காது. மே மாதச் சென்னையில் ஃபேனை அணைத்துவிட்டு எடை போடுவது ஒரு தவம். அதோடு புதுத் தண்ணீரில் கல்லின் மேல் காற்றுக் குமிழி ஒட்டும்; கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திர சோப்பு விட்டால் ஒட்டாது. தெளிவான குவார்ட்ஸ் துண்டு ஒன்றை முதலில் போட்டு 2.65 வருகிறதா என்று பார்த்துக்கொண்டேன். அது சரியாக வந்த பிறகுதான் மற்றவை.

மெழுகுப் பளபளப்போடு இருந்த சாம்பல் கல் காய்ந்த எடை 84.6 கிராம், தண்ணீரில் 32.5, ஆக 2.60. அகேட்டும் மற்ற கால்செடோனி (கண்ணுக்குத் தெரியாத நுண்படிகக் குவார்ட்ஸ்) வகைகளும் 2.58-க்கும் 2.64-க்கும் நடுவில் வரும் என்பதால் இது பொருந்தியது. தேன் நிறக் கல் 112.4-க்கு 41.5, ஆக 2.71, கால்சைட். ஊதாவும் பச்சையும் பட்டை பட்டையாக இருந்த ஒன்றை நான் அமெதிஸ்ட் கலந்த அகேட் என்று ஆசையாக எடுத்து வைத்திருந்தேன். 63.6-க்கு 20.0, ஆக 3.18. அந்த ஒரு எண் போதும், அது ஃபுளோரைட். அகேட் வரும் குஜராத்திலேயே அம்பா டோங்கரில் ஃபுளோரைட் சுரங்கமும் இருக்கிறது. ஒரே பையில் இரண்டும் சேர்ந்து வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கறுஞ்சிவப்புச் சிறு கற்கள் 4.07 காட்டின, கார்னெட். சிறிய கல்லில் இந்த முறை சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்: ஒரு கிராம் கார்னெட்டின் கன அளவு கால் மில்லிலிட்டர்தான், தராசு ஒரு இலக்கம் தப்பினாலே விடை நான்கு சதவீதம் நகர்ந்துவிடும். அதனால் சிறியவற்றை ஒரே மாதிரியானவையாகப் பொறுக்கிச் சேர்த்து, ஒரு கம்பிக் கூடையில் மொத்தமாக எடை போட்டேன். காலிக் கூடையின் எண்ணைத் தனியாக எடுத்துக் கழிக்க வேண்டும்.

எடையால் பிரிக்க முடியாததும் உண்டு. மூன்ஸ்டோன் 2.56 முதல் 2.59 வரை வரும், கால்செடோனிக்கு ஒட்டியே. நம் காங்கேயம் பக்கத்து மூன்ஸ்டோன் கற்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தட்டைப் பிளவு பழக்கமாக இருக்கும். இங்கே எடையைவிட உடைந்த முகமே பேசுகிறது.

தராசு இன்னொன்றும் சொல்லும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. வளையங்கள் தெரிகிற ஒரு கல்மரத் துண்டைத் தொங்கவிட்டபோது எண் நிற்காமல் மெதுவாக இறங்கிக்கொண்டே போனது. ஃபேன் ஓடவில்லை, நரம்பும் நழுவவில்லை. கூர்ந்து பார்த்தால் ஒரு முனையில் இருந்து பொடிக் குமிழிகள் வந்துகொண்டிருந்தன. கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. துளைக்குள் தண்ணீர் போகப் போக, டம்ளரில் நீர்மட்டம் இறங்குகிறது, எண்ணும் இறங்குகிறது. அந்த முனை சுண்ணாம்பு மாதிரி வெளிறி இருந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. அதன் பிறகு ஒவ்வொரு கல்லுக்கும் போட்டவுடன் ஒரு எண், ஐந்து நிமிடம் கழித்து ஒரு எண் என்று இரண்டு எழுதினேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் நல்ல கல். இறங்கினால் அது பாலிஷ் ஏறாமல் புள்ளி புள்ளியாக மங்கும், அல்லது நீர்த்த எபாக்ஸிப் பசையில் ஊறவைத்து இறுக்க வேண்டும். தீட்டும் வேலைக்கு ஒப்படர்த்தியைவிட இந்த இறக்கமே எனக்கு அதிகம் உதவியது.

கண்ணாடியையும் கால்செடோனியையும் பிரிக்க லேப்டாப் போதும். திரையை வெள்ளையாக வைத்து, போலராய்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பார்த்தபடி அந்தக் கூலிங் கிளாஸைச் சுழற்றினால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். அந்தக் கோணத்தில் ஒளி ஊடுருவும் கல்லைத் திரைக்கும் கூலிங் கிளாஸுக்கும் நடுவே வைத்துத் திருப்ப வேண்டும். அகேட் எப்படித் திருப்பினாலும் வெளிச்சமாகத் தெரியும். ஒற்றைப் படிகக் குவார்ட்ஸ் ஒரு சுற்றில் நான்கு முறை மங்கி நான்கு முறை ஒளிரும். கண்ணாடி இருட்டாகவே கிடக்கும், ஃபுளோரைட்டும் அப்படியே. கடல் பச்சையில் கண்ணைப் பறித்த ஒரு துண்டு இதில் இருண்டது. எடையும் 47.2-க்கு 19.0, ஆக 2.48. கண்ணாடி. லூப்பில் குமிழியும் இருந்தது.

பையில் கறுப்பாக, கனமாக, எண்ணெய் தடவியது போல மினுங்கிய ஒரு கல்லும் இருந்தது. 2.7-க்குப் பக்கம். வெயிலில் பார்த்தால் கறுப்பு இல்லை, நீலம் கலந்த பச்சை. இதை அடையாளம் காணத் தராசு தேவைப்படவே இல்லை. பல்லாவரத்திலும் பரங்கிமலையிலும் காலுக்கடியில் இருப்பது இதுதான். சார்னோகைட். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறை இந்த வகைக் கல்லால் ஆனது, அதை வைத்து 1893-ல் புவியியலாளர் டி.எச். ஹாலண்ட் இந்தப் பெயரை வைத்தார். சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை. அகேட்டோ தக்காணத்து எரிமலைக் குழம்பின் குமிழிகளுக்குள் உருவானது, அந்த எரிமலை வெடிப்புகள் 6.6 கோடி ஆண்டு வாக்கில். ஆகவே நம் ஊர் மலைகளில் அகேட் தேடுவது வீண்வேலை. கிருஷ்ணா, கோதாவரிச் சரளையில் கிடைக்கும், குஜராத்தின் ரத்தன்பூர் சுரங்கங்களில் இருந்து வரும், பல்லாவரத்தில் முளைக்காது. அதே பல்லாவரத்தில் 1863-ல் புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்காலக் கற்கோடரி குவார்ட்சைட்டால் ஆனது.

சந்தேகமான சிலவற்றை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கல் பிரிவில் இருக்கும் மாதிரிகளோடு ஒப்பிட்டேன். 1851-ல் அந்த அருங்காட்சியகம் தொடங்கியதே சென்னை இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கல் மாதிரிகளோடுதான். கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்று கையில் இருக்கும் கல்லைப் பார்த்து ஒப்பிடுவதில் நிறம் உதவாது. உடைந்த முகமும் மணியின் அளவும் உதவும். கல்மரம் தேடுகிறவர்கள் திருவக்கரைப் பூங்காவைப் பார்த்துவிட்டு வரலாம், சுமார் இரண்டு கோடி ஆண்டு வயதான கல்லாகிய மரங்கள். அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது.

அறுப்பதற்கு ஒரு டைல்ஸ் காண்ட்ராக்டரிடம் இருந்து ஏழு அங்குல மேசை அறுவை மெஷின் ஒன்று, செகண்ட் ஹேண்டில் 4,200 ரூபாய். கீழே தண்ணீர்த் தட்டு இருக்கும் வகை. பிளேடு புதிதாக 600 ரூபாய், ஓரம் வெட்டில்லாமல் வட்டமாக ஓடும் வகை; பல் பல்லாக இருக்கும் கான்கிரீட் பிளேடு அகேட்டின் ஓரத்தைத் தெறிக்கவிடும். தண்ணீரும் கரண்டும் சேரும் வேலை என்பதால் கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றைப் பால்கனி பிளக்குக்கு முன்னால் எலக்ட்ரீஷியனை வைத்துப் போட்டேன், கூலியோடு 1,300. இந்தச் செலவில் பேரம் பேச வேண்டாம்.

தீட்டுவதற்கு வீட்டில் இருந்த பழைய கிரைண்டரின் மோட்டார். 1,440 ஆர்பிஎம். ஷாஃப்ட் மேலே பார்க்கும்படி மரச்சட்டத்தில் நிறுத்தி, லேத் பட்டறையில் 450 ரூபாய்க்கு ஒரு அடாப்டர் கடைந்து, 14 மில்லிமீட்டர் மரையுள்ள ரப்பர் பேக்கிங் பேடை மாட்டினேன். அதன் மேல் கிரானைட் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் நான்கு அங்குல வைரப் பேடுகள் ஒட்டிக்கொள்ளும்: 50, 100, 200, 400, 800, 1500, 3000 (எண் கூடக் கூட பேட் நுண்மை). ஏழும் சேர்த்து 1,050. கல் தீட்டவென்றே விற்கும் வட்டுகள் இதைப் போலப் பல மடங்கு. விற்ற தம்பி சொன்னார்: "சார், தண்ணி இல்லாம மட்டும் ஓட்டாதீங்க, ரெசின் உருகிக் கல்லு மேல அப்பிக்கும்." தண்ணீருக்கு மருந்துக் கடையில் வாங்கிய டிரிப் செட், சொட்டின் வேகத்தை அந்தச் சக்கரத்திலேயே கூட்டிக் குறைக்கலாம். சுற்றிலும் தெறிக்காமல் இருக்க நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பேசின். முதல் அமைப்பில் தண்ணீர் ஷாஃப்ட் வழியே பேரிங்குக்குள் இறங்கி மோட்டார் கரகரத்தது. பழைய சைக்கிள் டியூபில் ஒரு வட்டம் வெட்டி, குடை மாதிரி ஷாஃப்டில் இறுக்கமாக மாட்டிய பிறகு தண்ணீர் வெளிப்பக்கம் தெறித்துவிடுகிறது.

தண்ணீர் பேடுக்காக மட்டும் இல்லை. அகேட், குவார்ட்ஸ், ஜாஸ்பர் எல்லாமே சிலிக்கா. அதன் உலர்ந்த தூசு நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ். குஜராத்தின் கம்பாத்தில் அகேட் தீட்டும் குடும்பங்கள் தலைமுறையாக இந்த நோயோடு இருக்கின்றன. ஒரு கல்லைக்கூட உலர்வாக அறுக்கவோ தேய்க்கவோ கூடாது. என்95 முகமூடி அதற்கு மேல் ஒரு காப்பு, தண்ணீருக்கு மாற்று இல்லை. வேலை முடிந்ததும் பால்கனித் தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சேற்றைச் சாக்கடைக் குழாயில் ஊற்றினால் சிமெண்ட் போலப் படிந்துவிடும். பக்கெட்டில் தெளியவிட்டு, மேல் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாமல் கொட்டிவிட்டு, அடிச்சேற்றைப் பையில் கட்டிப் போடுகிறேன். சத்தம் காரணமாக, கீழ்வீட்டு மாமியிடம் கேட்டு, காலை பதினொன்றுக்கு மேல் மாலை ஐந்துக்குள் என்று நேரம் வைத்துக்கொண்டேன்.

எடை பார்த்துப் பிரித்த பிறகும், ஒவ்வொரு கல்லிலும் முதலில் ஓரமாக ஒரு சின்ன முகத்தை மட்டும் அறுத்துப் பார்த்தேன். சன்னல் திறப்பது என்று வைத்துக்கொள்ளலாம். பையில் அடர்நீல அகேட் ஒன்று இருந்தது. எண் 2.60, கடினம் ஏழு, ஒளியும் விட்டது; அகேட்தான், எல்லாச் சோதனையிலும் தேறியது. நெயில் பாலிஷ் ரிமூவர் பஞ்சில் ஒரு பொட்டு நீலம்கூட ஏறவில்லை. அறுத்தால் மேல் நான்கு மில்லிமீட்டர் நீலம், உள்ளே வெறும் சாம்பல். சாயம். உப்புகளை உள்ளே ஊறவைத்து அங்கேயே நிறமாக மாற்றும் சாயங்கள் ரிமூவருக்கு அசையாது. லூப்பில் விரிசல் ஓரங்களிலும் துளையுள்ள வரிகளிலும் நிறம் கூடுதலாகத் தேங்கியிருந்ததை முதலிலேயே கவனித்திருந்தால் போதும். கறுப்பு ஓனிக்ஸும் பெரும்பாலும் இப்படித்தான்: சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் பிறகு கந்தக அமிலத்தில் போட்டால் உள்ளே கரி படியும். சாயம் என்பதால் தூக்கி எறிய வேண்டியதில்லை. நீலத் தோல் இருக்கும் பக்கம் மேலே வருமாறு மெல்லியதாக வெட்டினால் கேபோஷானில் நிறம் நிற்கும். விற்கும்போது சாயம் என்று சொல்லி விற்க வேண்டும்.

டைல்ஸ் பிளேடின் தடிமன் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர். ஆறு மில்லிமீட்டர் பலகை வெட்டினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மில்லிமீட்டர் சேறாகப் போகிறது. எலுமிச்சை அளவுக் கல்லில் மூன்று பலகைக்கு மேல் தேறாது. பலகையில் 30-க்கு 22 மில்லிமீட்டர் நீள்வட்டத்தை ஸ்டேஷனரிக் கடை பிளாஸ்டிக் அச்சை வைத்து வரைந்தேன். பென்சில் கோடு தண்ணீரில் அழியும். பித்தளைக் கம்பியால் இழுத்த கோடு நிற்கும்.

குச்சியில் ஒட்ட அரக்கு. விரல்கட்டை தடிமன் மரக்குச்சி நுனியில் அரக்கை மெழுகுவர்த்தியில் உருக்கி, கல்லையும் லேசாகச் சூடாக்கி ஒட்ட வேண்டும். கல் குளிராக இருந்தால் பாதித் தீட்டலில் கழன்று பேசினுக்குள் பறக்கும். ஃபுளோரைட்டுக்கு இந்தச் சூடே ஆகாது. அது எட்டுமுக வடிவில் நான்கு திசையிலும் சுத்தமாகப் பிளக்கும் கல். என்னுடைய துண்டு 50 பேடைத் தொட்டதுமே இரண்டாகப் பிளந்தது. மிஞ்சிய பாதியைச் சூப்பர் குளூவால் குச்சியில் ஒட்டி, நேராக 400-ல் தொடங்கி, கையின் எடையைக்கூடக் கொடுக்காமல் தேய்த்தேன். சின்னதாக ஒன்று கிடைத்தது. கால்சைட்டும் 50-ல் நிற்காது, ஒரு நிமிடத்துக்குள் குமிழ் வடிவமே போய் அமுங்கிவிடும். மென்கல் என்று தெரிந்தவை எல்லாம் 400-க்குக் கீழே போகக் கூடாது என்பது இப்போது என் வழக்கம்.

அகேட் தான் இந்த அமைப்புக்கு ஏற்ற கல். 100-ல் வடிவம், 200-ல் அதன் கோடுகள் போகும் வரை, 400-ல் நிறைய நேரம். இந்த 400-ல்தான் பாலிஷ் தீர்மானமாகிறது. ஒவ்வொரு பேடுக்கும் நடுவில் கல்லையும் கையையும் பேசினையும் கழுவி, கல்லைத் துடைத்துக் காயவைத்து, விளக்குக்குச் சாய்த்து லூப்பில் பார்க்க வேண்டும். ஈரத்தில் எல்லாக் கல்லும் பளபளக்கும். கீறல் காய்ந்தால்தான் தெரியும். 3000-க்குப் பிறகு கம்பளிப் பேடில் சீரியம் ஆக்சைடு. கண்ணாடிக் கடைகளில் கீறல் எடுக்க வைத்திருக்கும் அதே பவுடர், 100 கிராம் 180 ரூபாய். தயிர்ப் பதத்தில் கரைத்து, பேட் ஏறத்தாழக் காயும் நேரத்தில் கல்லை அழுத்தினால், லேசாக இழுக்கும். அந்த இழுப்பில்தான் கண்ணாடிப் பளபளப்பு வருகிறது. சார்னோகைட்டில் இது பாதிதான் பலித்தது. அதில் கலந்திருக்கும் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார், ஹைபர்ஸ்தீன் ஆகிய கனிமங்கள் வெவ்வேறு கடினம், மென்மையானவை பள்ளம் விழுகின்றன. மெத்தென்ற கம்பளியைத் தவிர்த்து, 3000 பேடிலேயே அதிக நேரம் வைத்தால் பள்ளம் குறைகிறது.

மஞ்சள் பழுப்பில் மங்கலாக இருந்த கால்செடோனித் துண்டுகளைச் சூதுபவளமாக்கிப் பார்க்கலாமே என்று தோன்றியது. உள்ளிருக்கும் நீரேறிய இரும்பு ஆக்சைடு சூட்டில் நீரை இழந்து சிவப்பாகும். கம்பாத்தில் வெயிலில் காயவைத்து, மண் சட்டியில் சாணி நெருப்பில் வாட்டுவது இதற்காகத்தான். நான் மொட்டை மாடி வெயிலில் நன்றாகக் காயவைத்து, ஆற்று மணல் நிரப்பிய சட்டியில் புதைத்து, சமையலுக்கு ஓய்வு கொடுத்த பழைய ஓ.டி.ஜி. மின் அடுப்பில் 100 டிகிரியில் இரண்டு மணி நேரம், பிறகு மணிக்கு ஐம்பது டிகிரி வீதம் 250 வரை ஏற்றி, நான்கு மணி நேரம் நிறுத்தி, கதவைத் திறக்காமல் இரவு முழுக்க ஆறவிட்டேன். மெல்லிய துண்டுகள் செங்கல் ஆரஞ்சுக்கு மாறின. தடிமனானவை ஓரத்தில் மட்டும் மாறின. ஒன்று விரிந்து இரண்டானது. அது எடை பார்க்கும்போது எண் இறங்கிய கல், ஈரம் உள்ளே தங்கியிருந்திருக்க வேண்டும்.

செலவு மொத்தம் பார்த்தால் கல், தராசு, லூப், அறுவை மெஷின், பிளேடு, பேடுகள், பேக்கிங் பேட், லேத் கூலி, ஆர்.சி.சி.பி., சீரியம், கம்பளி எல்லாம் சேர்ந்து 10,500 ரூபாய்க்கு மேல். அரக்கு, கையுறை, டிரிப் செட் போன்ற சில்லறை தனி. மோட்டார் வீட்டில் இருந்ததால் இந்த அளவோடு நின்றது.

அடுத்த பைக்கு வரிசையை மாற்றுவேன். கழுவியதும் நேராகத் தராசு, இரண்டு எண்ணும் நோட்டில்; அதன் பிறகு எலுமிச்சை, டார்ச், கூலிங் கிளாஸ்; கத்திக் கீறல் கடைசியில், அதுவும் அறுத்த முகத்தில் மட்டும். நிறக் குவியலும் மொபைல் செயலியும் கிடையாது. பிளேடு 0.8 மில்லிமீட்டர் மெல்லியதாக, ஆறு அங்குலத்தில், கல் வேலைக்கென்றே விற்பது. அதற்கு மெஷினின் அச்சுக்கு ஏற்ற புஷ் ஒன்றை அதே லேத் பட்டறையில் கடையச் சொல்லியிருக்கிறேன். கல்லைக் கையால் பிடித்து அறுப்பதை நிறுத்திவிட்டு, இரண்டு மரக்கட்டைக்கும் நடுவே போல்ட் போட்டு இறுக்கும் ஒரு பிடிப்பான் செய்ய வேண்டும். பிளேடு மெலிந்தால் கல் சற்றே சாய்ந்தாலும் வளைந்துவிடும், அதனால் பிடிப்பான் முதலில், பிளேடு அப்புறம்.